வீஸ் வேண்டாம்

ஜூலை எட்டாம் தேதி, காலை ஏழு நாற்பது. சோளக்கொல்லையின் வேலியில் அந்தப் பலகை நின்றது.

முந்தின நாள் அது அங்கே இல்லை. ஒட்டுப்பலகை. தானியக் கொட்டகைக்கு அடிக்கும் சிவப்பு பெயின்ட். கையால் எழுதியது. 'நீதிபதி வீஸ் வேண்டாம்.'

ஹார்லன் வீஸ் காரை நிறுத்திப் படித்தார். பின்னால் வந்த தானிய லாரி ஹாரன் அடித்தது. கிளம்பினார். அரை மைல் போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை படித்தார். அந்த மாவட்டத்தில் நீதிபதியாக வேறு வீஸ் யாரும் இல்லை.

கொல்லை எமில் புருசாவுடையது. அவர் வயலுக்குப் போகும் சிறிய பாலத்தை மாவட்ட நிர்வாகம் பெயர்த்து எடுத்துவிட்டது. அதை எதிர்த்து முறையிட முப்பது நாள் கெடு. முப்பதாம் நாள் மாலை, சரக்கு ரயில் ஒன்று சாலையை மறித்து நின்றுவிட்டது. எமில் நீதிமன்ற வாசலுக்கு வந்தபோது மணி ஐந்து ஒன்பது. கதவை ஐந்துக்கே பூட்டியிருந்தார்கள். வீஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

"கெடுன்னா கெடுதான். அதைத் தாண்டி ஒரு நிமிஷம் ஆனாலும் எனக்கு அதிகாரம் கிடையாது" என்று எமிலிடம் சொன்னார். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

நீதிமன்றத்தில் கிளென்டா காத்திருந்தாள். பதினாறு வருஷமாக அவருடைய அலுவலகம் அவள் கையில். எதில் கையெழுத்துப் போட வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், அங்கியை எங்கே கழற்றி வைத்தார் எல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

"பாத்தியா?" என்றார் வீஸ்.

"பாத்தேன். நல்ல பெயின்ட்டு. மழைக்குத் தாங்கும்."

"எத்தனை பேரு பாத்திருப்பாங்க?"

"அந்த ரோட்டுலயா? நீங்க, நான், எமிலோட மாடுங்க."

"மாட்டுக்கு ஓட்டு இல்ல."

"அப்புறம் என்ன கவலை?"

நவம்பரில் வாக்குச் சீட்டில் அவர் பெயர் வரும். எதிரே யாரும் நிற்க மாட்டார்கள். ஒரே ஒரு கேள்வி. நீதிபதி வீஸ் பதவியில் நீடிக்கலாமா? ஆம், இல்லை. ஆறு வருஷத்துக்கு ஒரு முறை இது நடக்கும். போன தடவை நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் ஆம் என்றார்கள். அந்த மாவட்டத்தில் இந்தக் கேள்வியில் தோற்ற நீதிபதி கிடையாது.

ஆறு வருஷமாக வீஸ் மற்ற இருபத்திரண்டு பேரை மளிகைக்கடை வரிசையில் தேடிக்கொண்டிருந்தார்.

தோற்றால் மறுபடி வக்கீல் தொழிலுக்குத்தான் போக வேண்டும். அது அவரால் ஆகாது. வக்கீலாக இருந்தபோது எதிர்த்தரப்பு பேசப் பேசத் தலையாட்டுவார். 'அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு' என்று ஒரு முறை ஜூரியின் காதில் விழும்படி சொந்தக் கட்சிக்காரரிடமே சொன்னார். தேர்வுக் குழு இரண்டு பெயர்களை ஆளுநருக்கு அனுப்பி, ஆளுநர் இவரைத் தேர்ந்தெடுத்தபோது ஊரில் அதிகம் மகிழ்ந்தவர்கள் அவருடைய கட்சிக்காரர்கள்.

"நாளையிலேர்ந்து நான் லீவு. ஞாபகம் இருக்குல்ல?" என்றாள் கிளென்டா. டென்வரில் அவள் மகளுக்குப் பிரசவம். "இந்தக் கட்டு முழுக்க உங்க கையெழுத்துக்கு. மேல இருக்கறத மட்டும் மறந்துடாதீங்க. மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு."

"சரி."

"காதுல விழுந்துச்சா?"

"அந்த லாரிக்காரனும் படிச்சிருப்பான்" என்றார் வீஸ்.

அவள் போனதும் கைக்கு எட்டிய தாளை எடுத்துத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினார். '1. எமில் புருசா.' நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெயரை எழுதியதும் மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பழையபடி ஆனது.

நீதிபதிகளுக்கு ஒரு விதி உண்டு. யாராவது எதிர்த்துப் பிரசாரம் செய்தால்தான் அவர்களும் பிரசாரம் செய்யலாம். ஒரு பலகை எதிர்ப்பு ஆகுமா? வீஸுக்குத் தெரியவில்லை. நடத்தை விதிகளுக்கான ஆலோசனைக் குழுவுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். பலகையின் நீளம், அகலம், எழுத்தின் உயரம் எல்லாவற்றையும் குறிப்பிட்டார். அளவெடுக்க விடியற்காலையில் டேப்போடு போயிருந்தார்.

குழு ஒரே வாரத்தில் பதில் சொன்னது. வழக்கப்படி பெயரை மறைத்து வெளியிட்டது. 'மக்கள்தொகை குறைந்த ஒரு மாவட்டத்தில், சோளக்கொல்லை வேலியில் உள்ள ஒரே ஒரு சிவப்புப் பலகை எதிர்ப்பு ஆகுமா என்று ஒரு நீதிபதி கேட்டிருக்கிறார். ஆகும்.'

மறுநாள் உள்ளூர் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் சோளக்கொல்லைக்குப் போனார். முதல் பக்கத்தில் படம் வந்தது. பலகை, பக்கத்தில் எமில், பின்னால் இரண்டு மாடுகள். நெப்ராஸ்கா மாநிலத்தில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் இல்லை என்று வீஸுக்குத் தோன்றியது. பத்திரிகை விற்றது ஆயிரத்து நூறு பிரதிகள்.

'2. பத்திரிகை ஆசிரியர்' என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை ட்வைட் கூப்பிட்டான். மனைவி ஜோனெலின் அண்ணன். ஒமாஹாவில் மத்திய நீதிபதி, ஆயுசுக்கும் பதவி.

"என்ன மாப்பிள்ளை, உன்ன வேண்டாங்கறாங்களாமே?"

"ஒருத்தர்தான்."

"எமிலா? படத்துல மாடும் அப்படித்தான் பாக்குது."

"உனக்கென்ன, நீ பேசுவ."

"பேசுவேன். ஜனாதிபதி என் பேரச் சொன்னாரு. செனட்ல ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்டாங்க. அதோட சரி. பத்தொன்பது வருஷமா கேள்வி கேக்கறது நான் மட்டும்தான்."

"உன்னையும் எடுக்கலாம், ட்வைட்."

"எடுக்கலாமே. கீழவை குற்றம் சாட்டணும், செனட் விசாரிக்கணும், மூணுல ரெண்டு பேரு கை தூக்கணும். அதுக்குள்ள நானே செத்துருவேன். உனக்கு ஒரு விவசாயியும் ஒரு டப்பா பெயின்ட்டும் போதும்."

"நான் வைக்கறேன்."

"கோவிச்சுக்காத மாப்பிள்ளை. உன் வேலைய உன்கிட்டேர்ந்து பிடுங்கற சாமர்த்தியம் அந்த ஊர்ல யாருக்கும் கிடையாது."

வீஸ் போனை வைத்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எதிர்ப்பு என்று குழுவே சொல்லிவிட்டது. இனி பிரசாரம் செய்யலாம். ஜோனெல் மாதா கோயில் பெண்களைக் கூட்டிக் கார் ஷெட்டில் உட்கார வைத்தாள். நாற்பது நீலப் பலகைகள் தயாராயின. 'வீஸ்: ஆம்.' இரண்டே நாளில் ஊரெங்கும் புல்வெளிகளில் நட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை வீஸ் முடி வெட்டிக்கொள்ளப் போனார்.

"ஜட்ஜையா," என்றான் முடிவெட்டும் ரூடி, கழுத்தில் துணியை இறுக்கிக் கட்டி. "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"என்கிட்ட சொல்லலாம். யாருகிட்டயும் போவாது."

"நிஜமா ஒண்ணும் பண்ணல ரூடி."

"ஒண்ணுமே பண்ணாதவருக்கு எதுக்கு நாப்பது போர்டு?"

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பத்திரிகையைக் கீழே இறக்கினார். "குடிச்சிட்டு வண்டி ஓட்டுனாருன்னு கேள்விப்பட்டேன்."

"அது இவரு இல்ல, இவரு மச்சான்" என்றான் ரூடி.

"அவனும் இல்ல!" என்றார் வீஸ். துணிக்குள்ளிருந்து கையை வீசியதில் ரூடியின் கத்தரிக்கோல் வழிதவறியது.

இடது காதுக்கு மேல் ஒரு பக்கம் மொட்டையாக வீட்டுக்கு வந்தார். ரூடியின் கடைக் கண்ணாடியில் அன்று மாலை இரண்டு பலகைகள் இருந்தன, ஒரு ஆம், ஒரு இல்லை. வியாபாரம் செய்கிறவன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது என்றான். வீஸ் அவனைப் பட்டியலில் சேர்த்தார். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றும் நினைத்தார்.

"நீ கோர்ட்டுல கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றாள் ஜோனெல்.

"தீர்ப்பை மாத்தச் சொல்றியா?"

"மாத்தச் சொல்லல. சிரிச்ச மூஞ்சியா சொல்லுன்னேன்."

அடுத்த வாரம் சேவல் வழக்கு வந்தது. பெட்டி ஷ்ராம் சேவல் வளர்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் லைல் போமன் தூங்க முயன்றார். சேவலை அப்புறப்படுத்த வேண்டும் என்பது அவர் கோரிக்கை. வேறு ஆண்டாக இருந்தால் வீஸ் இருபது நிமிஷத்தில் முடித்திருப்பார். இப்போது பெட்டியைப் பார்த்தார், ஒரு ஓட்டு. லைலைப் பார்த்தார், மனைவியோடு இரண்டு ஓட்டு. பெட்டிக்கு ஆறு அக்கா தங்கைகள் என்பது நினைவுக்கு வந்தது.

சிரித்த முகத்தோடு தீர்ப்புச் சொன்னார். ஒற்றைப்படைத் தேதிகளில் சேவல் கூவலாம். இரட்டைப்படைத் தேதிகளில் கூடாது.

லைலின் வக்கீல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, இத சேவலுக்கு யாரு சொல்றது?"

"அது அமல்படுத்தற விஷயம்" என்றார் வீஸ்.

"முப்பத்தொண்ணாந்தேதிக்கு அடுத்த நாள் ஒண்ணாந்தேதி. ரெண்டும் ஒத்தப்படை. என் கட்சிக்காரர் அடுத்தடுத்து ரெண்டு நாள் தூங்க முடியாதே?"

வீஸ் அதை யோசித்திருக்கவில்லை.

சாயங்காலம் பெட்டி வீட்டின் முன் ஒரு சிவப்புப் பலகை. லைல் வீட்டின் முன் ஒரு சிவப்புப் பலகை. ஒரே டப்பா பெயின்ட். லைல் எழுத, பெட்டி பலகையைப் பிடித்துக்கொண்டாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"சமாதானம் பண்ணி வச்சிருக்க" என்றாள் ஜோனெல்.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை மாவட்டத் திருவிழா. கொலாச் போட்டிக்கு நடுவராக வரச் சொல்லி வீஸைக் கேட்டார்கள். நடுவில் பழக்கூழ் வைத்த அந்தப் பன்னைச் செய்யாத செக் வம்சாவளிக் குடும்பம் அந்த ஊரில் இல்லை. ஜோனெல் போகச் சொன்னாள். மக்கள் முன்னால் அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது என்றாள்.

பதினோரு தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெண். வீஸ் ஒவ்வொன்றாகக் கடித்தார். ஐந்தாவது அபாரம். கசகசா வைத்தது. மூன்றாவதை விழுங்கத் தண்ணீர் தேவைப்பட்டது. ஐந்தாவதின் பின்னால் நின்றவளைப் பார்த்தார். மற்ற பத்துப் பேரையும் பார்த்தார். பத்துப் பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கியை வாங்கினார். "எல்லாமே முதல் பரிசுதான்" என்றார்.

யாரும் கை தட்டவில்லை.

"எல்லாமேன்னா?" என்றாள் லியோனா டுவோராக். இருபத்தேழு வருஷம் அந்தப் பரிசை வாங்கியவள்.

"பதினொண்ணும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சது இல்ல."

"மூணாவதும் என்னுதும் ஒண்ணா?"

"மூணாவதுக்கு என்ன கேடு?" என்றாள் மூன்றாவது. அவள் ஜோனெலின் சித்தி மகள்.

வீஸ் கூடாரத்தின் பின்பக்கமாக வெளியேறினார். மாடுகளை நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்து பட்டியலை எடுத்தார். பதினோரு பெண்கள். ஒன்பது கணவர்கள். இரண்டு பேர் விதவைகள். எண் இருபத்தைந்து வரை போனது. தாளின் அடியில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினார்.

ஆகஸ்ட் முதல் தேதி மதியம் ஜோனெல் சாப்பாட்டு மேஜையில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எமில்கிட்ட போய்ப் பேசு."

"என்னன்னு பேசறது?"

"ஏதாச்சும் பேசு. எல்லாம் அவன்கிட்டேர்ந்துதான் ஆரம்பிச்சுது. நீ தூங்கி மூணு வாரமாச்சு. நான் தூங்கியும் மூணு வாரமாச்சு. நீ தூக்கத்துல சேவல் மாதிரி சத்தம் போடற."

"எந்தத் தேதியில?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

மூன்றரைக்குக் கிளம்பினார். போனில் கிளென்டா நான்கு முறை அழைத்திருந்தது தெரிந்தது. பிறந்த பேத்தியின் படத்தைக் காட்டத்தான் கூப்பிடுகிறாள். படத்தைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்லும் மனநிலையில் அவர் இல்லை. போனின் சத்தத்தை அணைத்தார்.

எமில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயது. காரைப் பார்த்தார். வேலையை நிறுத்தவில்லை. வீஸ் கோட்டைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரம் நின்ற பிறகு ஒரு கட்டைத் தூக்கினார். எமில் தடுக்காததால் இன்னொன்றையும் தூக்கினார். முக்கால் மணி நேரம் தூக்கினார்.

"வாங்க, காபி குடிக்கலாம்" என்றார் எமில் கடைசியில்.

சமையலறையில் உட்கார்ந்தார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு கடிகாரம் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஓட்டு கேட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"காதுக்கு மேல என்ன ஆச்சு?"

"ரூடி."

எமில் தலையசைத்தார். "அவன்கிட்ட பேச்சு குடுக்கக் கூடாது." காபியை ஊற்றினார். "தினமும் என் பலகைகிட்ட வண்டிய நிறுத்திப் படிச்சீங்க. ஒரு நாள் டேப்பு வச்சு அளந்தீங்க. ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். இவரு உள்ள வந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரான்னு இருந்துச்சு."

"பேசியிருக்கணும்."

"ஒன்பது நிமிஷம், ஜட்ஜையா. அந்த ரயிலு நூத்தி நாப்பது பெட்டி. ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு நின்னேன்."

"தெரியும். உங்களுக்கு ஒன்பது நிமிஷம் விட்டா, அடுத்தவருக்கு ஒன்பது நாள் விடணும். எனக்கு வேற வழி இல்ல."

"உங்க தீர்ப்ப நாலு தடவ படிச்சேன். நீங்க சொன்னது சரி. அதான் எனக்குக் கோவமே. தப்பா சொல்லியிருந்தீங்கன்னா மேல போயிருப்பேன்."

கடிகாரம் ஐந்தைக் காட்டியது. எமில் இரண்டாவது கப் ஊற்றினார்.

"பலகைய எடுத்துடறேன். கொட்டகைக் கதவுல ஒரு ஓட்டை இருக்கு, அதுக்கு ஆகும். லைல்கிட்டயும் பெட்டிகிட்டயும் நான் சொல்றேன். லியோனாதான் கஷ்டம். அவகிட்ட தனியா போய், உன்னுதுதான் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க."

"அஞ்சாவதுதான் நல்லா இருந்துச்சு."

"அதனாலதான் சொல்றேன். அஞ்சாவது அவ தங்கச்சி. பொய் சொல்லுங்க."

வீஸ் சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காபி நன்றாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சோளம் நன்றாக இருந்தது. நவம்பர் வரும். மக்கள் ஆம் என்பார்கள். இன்னும் ஆறு வருஷம்.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். பேனாவைக் கேட்டு வாங்கி முதல் பெயரை அடித்தார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல. இனிமே தேவைப்படாது."

எமில் கையை நீட்டினார். வீஸ் கொடுத்துவிட்டார். எமில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். தோள் குலுங்கியது.

"லியோனா பதினொண்ணாவதா? தெரிஞ்சா இதுக்கும் கோவிச்சுப்பா." ஓரத்தில் எழுதியதைப் படிக்கத் தாளைச் சாய்த்தார். பிறகு திருப்பினார்.

மறுபக்கத்தை அதிக நேரம் படித்தார். மேலே மாநில முத்திரை இருந்தது. விரலை வரிக்கடியில் வைத்து, கோர்ட்டில் படிப்பது போல மெதுவாகப் படித்தார்.

"'நவம்பர் தேர்தலில், நான் பதவியில் நீடிப்பது பற்றி வாக்காளர்களிடம் கேட்குமாறு விண்ணப்பிக்கிறேன். ஆகஸ்ட் முதல் தேதி மாலை ஐந்து மணிக்குள் தலைநகர் அலுவலகத்துக்கு வந்து சேராத விண்ணப்பம் ஏற்கப்படாது. வாக்குச் சீட்டில் பெயர் இடம்பெறாது. பதவிக்காலம் முடிந்ததும் பதவி காலியாகும்.'"

கீழே கையெழுத்துக்கான கோடு இருந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை.

எமில் கண்ணாடியைக் கழற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து பத்து.

"நான்கூட ஒன்பது நிமிஷம்தானே லேட்டு, ஜட்ஜையா?"